தறியடி: கசாக் கம்பளம் பற்றி வாசகர் கேள்விகள்

ஈரோட்டுக் கண்காட்சியில 'கசாக்'னு சீட்டு ஒட்டின கம்பளம் பார்த்தேனுங்க. விலை கேட்டா தலை சுத்துது. கசகஸ்தான்ல இருந்து வந்ததுங்களா?
(வாசகி, ஈரோடு)

அநேகமாக இல்லை. கம்பள வியாபாரத்தில் 'கசாக்' என்பது காகசஸ் மலைப்பக்கத்துப் பாணி. இன்றைய அஜர்பைஜானில் உள்ள கசாக் வட்டாரமும், அதை ஒட்டிய ஆர்மீனிய, ஜார்ஜியப் பகுதிகளும்தான் அதன் ஊர். கசகஸ்தான் காஸ்பியன் கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. ஒற்றுமை பெயரில் மட்டும். இப்போது கடைக்கு வருவதில் பெரும்பங்கு பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அதே பாணியில் முடிச்சுப் போட்ட சரக்கு. நல்ல கம்பளமாகவே இருக்கலாம். ஊர்ப்பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கசகஸ்தான்காரர்கள் தங்கள் விரிப்புகளை வேறு பெயர்களால் அழைக்கிறார்கள். முடிச்சுப் போட்டது 'துக்தி கிலெம்'. மேலே மயிர் நிற்காத சமநெசவு 'தக்கிர் கிலெம்'. கோடு போட்ட விரிப்பு 'அலாஷா'. தறியே இல்லாமல் கம்பளி மயிரை அமுக்கிச் செய்வது 'தெகெமெத்', 'சிர்மக்'.

எங்க குழித்தறியில ரெண்டு பேர் உட்கார்ந்து குறுக்கு நூல் சுத்தின நாடாவைத் தள்ளி அகலமான ஜமக்காளமே ஓட்டறோம். அவங்க அலாஷா ஒரு முழம்கூட அகலம் இல்லைங்கறாங்களே, ஏனுங்க?
(வாசகர், பவானி)

குழி தோண்டிவிட்டால் தறி அந்த வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டு மந்தையோடு மேய்ச்சலுக்கு இடம் மாறுகிறவர்களுக்கு அது ஆகாது. அவர்களுடைய 'ஓர்மெக்' தறி என்பது தரையில் அடித்த முளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய பாவு (நீளவாக்கு நூல்), பாவு இழைகளைத் தூக்கும் விழுதைத் தொங்கவிட மூன்று கம்பு, ஊடையை (குறுக்கு நூலை) அடித்து இறுக்க ஒரு மரக்கத்தி. அவ்வளவுதான். கிளம்பும் நாளில் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம்.

அகலம் குறைந்ததற்கு நெசவு வகையும் காரணம். பவானி ஜமக்காளத்தில் கண்ணுக்குத் தெரிவது ஊடை. நாடாவை மாற்றினால் நிறம் மாறும், பட்டைகள் குறுக்கே ஓடும். அலாஷாவில் பாவு இழைகள் நெருக்கியடித்து நிற்பதால் ஊடை மறைந்துவிடும். கோடுகள் நீளவாக்கில் ஓடும். நிறத்தின் வரிசை பாவு ஓடும்போதே முடிந்துபோகிறது. அங்கே ஒரு இழை தவறினால் அந்தத் தவறு கடைசி வரை கூடவே வரும். இவ்வளவு நெருக்கமான பாவில் இழைகளைப் பிரித்து ஊடைக்கு வழி திறந்து மரக்கத்தியால் அடிக்க ஒரு ஆளின் கைக்கு எட்டும் அகலம், 30 முதல் 40 செ.மீ. தான்.

கணக்கு இப்படி வரும். 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீள விரிப்புக்கு 35 செ.மீ. பட்டை 6 வேண்டும். அதாவது 18 மீட்டர் நெய்து, வெட்டி, பக்கம் பக்கமாகத் தைக்க வேண்டும். சனியன் பிடிப்பது இங்கேதான். ஊடையை ஒரு நாள் இறுக்கி மறுநாள் தளர இழுத்திருந்தால் பட்டையின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். தைத்து முடித்த பிறகு விரிப்பு தரையில் படியாமல் அலை அலையாக எழும்பும். பிரித்தால்தான் சரியாகும்.

மேச்சேரி ஆட்டு மயிரை வெச்சு அந்த அமுக்குக் கம்பளி செஞ்சு பார்க்கலாமுங்களா?
(வாசகர், அந்தியூர்)

வேண்டாம். மேச்சேரி கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. அதன் உடம்பில் இருப்பது குட்டை மயிர்; கம்பளி மயிர் அல்ல. எத்தனை தேய்த்தாலும் பிடிக்காது. நம் பக்கத்துக் குரும்பை ஆட்டு மயிரில் முயன்று பாருங்கள். முரடு கலந்திருப்பதால் கசகஸ்தான் சரக்கு அளவுக்கு இறுகாது, ஆனால் பிடிக்கும். குட்டிகளிடம் கத்தரித்த மயிரைக் கலந்தால் இன்னும் நன்று. அங்கேயும் அமுக்குவதற்கு இலையுதிர் காலத்தில் கத்தரித்த மயிரைத்தான் எடுத்து வைப்பார்கள்.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் போலச் செதில் உண்டு. சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது.

ஒரு மீட்டர் சதுரத் துண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ சுத்தமான மயிர் எடுங்கள். குச்சியால் அடித்துப் பஞ்சாக்குங்கள். கசகஸ்தான்காரர்கள் தோலின் மேல் போட்டு அடிப்பார்கள். அவர்கள் 'ஷி' என்ற நாணல் பாயில் பரப்புகிறார்கள். நமக்குக் கோரைப்பாய் போதும். அதன்மேல் 1.25 மீட்டர் சதுரமாகப் பரப்புங்கள்: ஒரு அடுக்கு நீளவாக்கில், அடுத்தது குறுக்காக. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பதால்தான் இந்தக் கூடுதல். கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஊற்றினால் மயிர் மிதந்து இடம் மாறும், அங்கே ஓட்டை விழும். பாயோடு சுருட்டிக் கயிற்றால் கட்டி, காலால் உருட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பிரித்து, வேறு திசையில் சுருட்டுங்கள். ஒரே திசையில் உருட்டினால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கித் துண்டு கோணலாகிவிடும். பாதி பிடித்ததும் சாயமேற்றிய மயிரைப் பூவாக மேலே வைத்து மறுபடி உருட்டினால் அது உள்ளே ஊறிப் பிடிக்கும். அதுதான் தெகெமெத். முழுக்க இறுகிய பிறகு வைத்தால் பூ உரிந்துவிடும். கம்பளிப் பாவுக்குப் போடும் புளியங்கொட்டைக் கஞ்சியை இதில் காட்டாதீர்கள்; செதிலை மூடிவிடும்.

சிர்மக் வேறு. கறுப்பு, வெள்ளை என்று இரண்டு கம்பளித் துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஆட்டுக்கிடாய்க் கொம்பு உருவை ஒரே வெட்டாக வெட்டுவார்கள். கறுப்பிலிருந்து விழுந்த கொம்பு வெள்ளையின் பள்ளத்தில், வெள்ளையின் கொம்பு கறுப்பில். ஒரு வெட்டுக்கு இரண்டு விரிப்பு, கழிவு கிடையாது. தையலை மறைக்க மேலே கயிறு ஓட்டி, அடியில் இன்னொரு கம்பளி வைத்துத் தைப்பார்கள்.

வீட்டு வேலையாக இருந்தது ஆலைக்குப் போனது எப்படி?
(வாசகர், கரூர்)

நெசவாளர் விரும்பிப் போன பாதை அல்ல. 1928ல் சோவியத் அரசு பெரிய மந்தைக்காரர்களின் ஆடுமாடுகளைப் பறித்தது, அடுத்து கூட்டுப்பண்ணை. 1930 முதல் 1933 வரையிலான பஞ்சத்தில் 13 முதல் 15 லட்சம் பேர் செத்தார்கள். கால்நடைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. ஆடு இல்லாத இடத்தில் கம்பளம் ஏது?

பிழைத்த கைத்திறன் 'அர்தெல்' எனப்பட்ட தொழில் கூட்டுறவுகளுக்குள் போனது. நம் கைத்தறிச் சங்கம் மாதிரிதான். 1956 முதல் 1960க்குள் அர்தெல்களையும் அரசுத் தொழில்துறை விழுங்கிவிட்டது. அல்மா-அதாவிலும் (இன்றைய அல்மாட்டி) கம்பள ஆலை ஓடியது.

தறி மாறியதை எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் பார்வையில் மயிர் மாறியதுதான் பெரிய விஷயம். அரசுக்குக் கோட்டுத் துணிக்கான மெல்லிய கம்பளி தேவைப்பட்டது. மலைக்காட்டு ஆடான அர்கரோடு மெல்லிய மயிர் ஆடான மெரினோவைக் கலந்து உருவாக்கிய அர்கரோமெரினோ 1950ல் தனி இனமாக ஏற்கப்பட்டது. மெல்லிய மயிர் துணிக்குத் தங்கம். கம்பளத்தில் காலடியில் நசுங்கிப் படுத்துவிடும், எழாது. கம்பளத்துக்கு எதில்பாய் போன்ற கொழுப்புவால் ஆடுகளின் முரட்டு மயிர்தான் தாங்கும்.

ஆலைத்தறியில் பரவலாக ஓடுவது எதிரெதிர் நெசவு. மேலே ஒரு பாவு, கீழே ஒரு பாவு. மயிர் நூல் இரண்டுக்கும் நடுவே மேலும் கீழும் போய்வரும். நடுவில் ஓடும் கத்தி அதை அறுக்க, ஒரே நேரத்தில் இரண்டு கம்பளம் இறங்கும். இடைவெளி 20 மி.மீ. என்றால் தலைக்கு 10 மி.மீ. மயிர். கத்தி நடுவிலிருந்து விலகினால் ஒன்று மொட்டை, இன்னொன்று சடை. பூவுக்கேற்ப நூலைத் தூக்கும் ஜக்கார்டு கருவி எழுப்பாத நிற நூல்கள் அடித்தளத்துக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். நிறம் கூடினால் மேலே தெரியாத நூல் கூடும், எடையும் விலையும் ஏறும். ஆலைக் கம்பளத்தில் நிறங்களை எண்ணிவிட முடிவது இதனால்தான்.

கைமுடிச்சா, ஆலைச் சரக்கா? கடையில நின்னுட்டே கண்டுபிடிக்க வழி சொல்லுங்க.
(வாசகி, திருப்பூர்)

குஞ்சத்தைப் பாருங்கள். கைக்கம்பளத்தில் பாவு நூலின் முனைதான் குஞ்சம். ஆலைக் கம்பளத்தில் பெரும்பாலும் தனியாகத் தைத்திருப்பார்கள். பிறகு புரட்டுங்கள். கைமுடிச்சில் பின்பக்கமும் பூ தெளிவாக இருக்கும், முடிச்சுகள் சின்னச்சின்ன மேடாக விரலில் படும். ஆலைச் சரக்கில் பசை பூசிய மொரமொரப்பு. மயிரை இரு கையால் விலக்கினால் கைமுடிச்சின் அடியில் இரண்டு பாவு இழையைச் சுற்றிய வளையம் தெரியும். உதிர்ந்த இழை ஒன்றைக் கடைக்கு வெளியே கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு பொடியாகும். செயற்கை இழையான பாலிபுரொப்பிலீன் உருகி மணியாகத் திரளும்.

விலையும் காட்டிக்கொடுக்கும். சதுர டெசிமீட்டருக்கு (10 செ.மீ.க்கு 10 செ.மீ.) 1,000 முடிச்சு என்றால் 2க்கு 3 மீட்டர் கம்பளத்தில் 6 லட்சம் முடிச்சு. ஒரு ஆள் நாளைக்கு 6,000 போட்டால் 100 நாள். நூறு நாள் கூலிக்கும் கீழே விலை சொன்னால் கைமுடிச்சு என்று நம்பாதீர்கள்.

அங்கெல்லாம் கம்பளத்தைச் சுவத்துல மாட்டறாங்களே?
(வாசகர், கோபி)

கூடாரச் சுவரில் குளிர் புகாமல் தடுக்க மாட்டியது. 'துஸ்கீஸ்' என்ற பூத்தையல் திரையில் பெரும்பாலும் மூன்று பக்கம்தான் வேலைப்பாடு. கீழ்ப்பக்கம் படுக்கைக்குப் பின்னால் மறைந்துவிடும். பிறகு அடுக்குமாடி வீட்டுக் கான்கிரீட் சுவருக்கு ஆலைக் கம்பளம் ஏறியது.