நாற்பது பேர் உள்ள வகுப்பில் மாணவர் மையக் கற்பித்தல் நடக்குமா?

நடக்கும். ஆசிரியர் சொல்லிக்கொண்டே போகாமல், பிள்ளைகளே யோசித்துப் பேசிக் கற்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் நடக்காது, நடத்தவும் வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன்; அதை வைத்துச் சொல்கிறேன்.

அமிலங்கள், காரங்கள் பாடத்தை லிட்மஸ் தாளில் தொடங்கினால் பாதி வகுப்பு சன்னலைப் பார்க்கும். நான் கேட்பது இதுதான்: "பாலில் ஆசிட் ஊற்றினால் ஏன் உறைகிறது?" எங்கள் ஊரில் பால் என்றால் ரப்பர் பால். அதை உறையவைத்து ஷீட் அடிப்பதைப் பார்க்காத பிள்ளை இங்கே அபூர்வம்.

கேட்டதும் குழு பிரிக்க மாட்டேன். முதலில் ஒவ்வொருவரும் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும், பேச்செல்லாம் அதற்குப் பிறகு. இல்லாவிட்டால் வாயாடி ஒருவன் பேசுவான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பெஞ்சை வட்டமாகப் போட்டுவிட்டு 'மாணவர் மையம்' என்று பதிவேட்டில் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒருமுறை ஒரு பிள்ளை எழுந்து, "ஆசிட் விடாமலும் சிரட்டையில ஒட்டுப்பால் கட்டியாவுதே சாரே, அது எப்படி?" என்றாள். பால் வடியும் சிரட்டையில் தானாக உறைந்து கிடப்பதுதான் ஒட்டுப்பால். இந்த இடத்தில் ஆசிரியர் வாய் திறந்தே ஆக வேண்டும். ரப்பர் துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஷீட்டுக்காக ஊற்றும் ஃபார்மிக் அமிலம் அந்தச் சுமையைச் சமன்செய்ததும் ஒட்டிக்கொள்கின்றன. சும்மா விட்ட பாலில் நுண்ணுயிரிகள் பெருகி அமிலம் உண்டாக்குவதும் உறைவதற்கு ஒரு காரணம். பால் உறையாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள், அது காரம். இதையெல்லாம் அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று கைகட்டி நிற்பது சோம்பேறித்தனம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பாட அட்டைகளையும், எதற்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படிப் படத்தையும் வைத்துப் பிள்ளை தன் வேகத்தில் போனது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பிரித்தார்கள். இரண்டும் சிறு வகுப்புகளுக்கு. மேலே வரவர போர்ஷன் கழுத்தைப் பிடிக்கும். அதனால் ஒரு யூனிட்டுக்கு ஒரு பீரியட் இப்படி, மற்றதெல்லாம் சாக்பீஸும் பேச்சும்தான். பத்தாம் வகுப்பில் ரிவிஷன் நேரத்தில் இதை ஆரம்பித்தால் தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்பார், நியாயமாகத்தான்.

கேள்வி மட்டும் ஊருக்கு ஊர் மாற வேண்டும். குளச்சல் கடற்கரைப் பிள்ளைகளிடம் ரப்பர் பாலைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? அங்கே கருவாட்டு உப்பிலிருந்து தொடங்கலாம். பனை நிற்கிற ஊர் என்றால் இதே பாடத்துக்கு வேறு கேள்வி இருக்கிறது: அக்கானி, அதாவது பதநீர் இறக்கும் கலயத்துக்குள் சுண்ணாம்பு எதற்குத் தடவுகிறார்கள்?