கத்திட்டு நின்ன செயின்சா: அதே சைஸா, இன்னும் பெருசா?

கேள்வி: அண்ணே, எட்டு வருஷமா வச்சிருந்த 50 சிசி செயின்சா போன வாரம் போயிடுச்சு. சாஞ்சு கிடந்த மரத்தை அறுத்துட்டு இருக்கும்போது திடீர்னு வீல்னு கத்துச்சு, அப்படியே நின்னுடுச்சு, இப்ப கயித்தை இழுத்தா அசையவே மாட்டேங்குது. பிஸ்டன் போச்சு, புதுசே வாங்கிக்கோங்கனு மெக்கானிக் சொல்லிட்டார். வருஷத்துக்கு பதினஞ்சு இருபது நாள்தான் வேலை, பெரும்பாலும் ஒரு அடி தடிமன், எப்பவாவது ஒன்றரை அடி. மச்சான் 70 சிசியா வாங்குங்கறாரு, பையன் பேட்டரிங்கறான். அன்னைக்கு பெட்ரோல் ஊத்தினது மச்சான்தான், ஆனா மிக்ஸ் பண்ணதைத்தான் ஊத்தினேன்னு சத்தியம் பண்றாரு.

பதில்: தம்பி, எதை வாங்கறதுன்னு அப்புறம் பார்ப்போம், அந்த "வீல்னு கத்துச்சு"ங்கற வார்த்தைதான் எனக்கு முக்கியம். நல்லா அறுத்துட்டு இருக்கற மெஷின் சம்பந்தமே இல்லாம வேகம் ஏறிக் கத்துச்சுன்னா அதுக்குள்ள போற கலவையில காத்து அதிகமாயிடுச்சு, பெட்ரோல் குறைஞ்சிடுச்சுன்னுதான் பெரும்பாலும் அர்த்தம், டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலோட சேர்ந்துதானே ஆயிலும் போகுது, அது குறைஞ்சா பிஸ்டன் காஞ்சு போய் சிலிண்டரைக் கவ்விக்கும்.

அதனால சைலன்சரைக் கழட்டச் சொல்லுங்க, பெரிய வேலை இல்ல, ரெண்டு மூணு போல்ட்தான். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன்ல மேலயிருந்து கீழ கோடு கோடா கீறி, ரிங் ஒட்டிக்கிட்டு இருந்தா ஒண்ணு ஆயில் இல்லாத பெட்ரோல், இல்லன்னா எங்கயோ காத்து கசியுது, எட்டு வருஷ மெஷின்ல கிராங்க் சீலோ (இன்ஜின் தண்டைச் சுத்தி காத்து புகாம அடைக்கற ரப்பர் வளையம்) கார்புரேட்டர் பக்கத்து ரப்பரோ வெடிச்சிருக்கலாம். கலவை உள்ள வர்ற இன்டேக் பக்கம் மட்டும் மங்கலா உரசித் தேஞ்சிருந்தா ஏர் ஃபில்டர் வழியா தூசி போயிருக்கு, அது மச்சான் மேல போட முடியாது, உங்க மேலதான்.

மச்சான் விஷயத்துக்கும் ஒரு வழி இருக்கு. அந்த கேன்ல மிச்சம் இருந்தா, பக்கத்துல நெருப்பு எதுவும் இல்லாம பார்த்துக்கிட்டு, வெள்ளைத் தாள்ல ரெண்டு சொட்டு விட்டுக் காய விடுங்க. வெறும் பெட்ரோல்னா தடயமே இல்லாம பறந்துடும், ஆயில் கலந்திருந்தா எண்ணெய்க் கறை நிக்கும். நானே ஒரு தடவை ஒரே மாதிரி ரெண்டு வெள்ளை கேனை பக்கத்துல பக்கத்துல வச்சு தப்பானதைத் தூக்கி ஊத்தி ஒரு மெஷினைத் தீர்த்துக் கட்டினவன்தான், அன்னைலேர்ந்து மிக்ஸ் கேன் கைப்பிடியில ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். 50:1னா, அதாவது அம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்னா, லிட்டருக்கு 20 மில்லி, அஞ்சு லிட்டருக்கு 100 மில்லி, கண்ணளவு எல்லாம் வேண்டாம்.

தூக்கிப் போடறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட இன்னொண்ணும் கேளுங்க: கிராங்க் பேரிங் நல்லா இருக்கா? சிலிண்டர் சுவத்துல அப்பிக்கிட்டு இருக்கறது பாதி நேரம் பிஸ்டனோட அலுமினியம்தான், சிலிண்டரோட பூச்சு உரியலைன்னா அதைச் சுத்தம் பண்ணி புது பிஸ்டன் போட்டு ஓட்டலாம். பேரிங்கும் ஆடுதுன்னா விட்டுடுங்க.

சரி, புதுசு. 70 சிசி வேண்டவே வேண்டாம். வெறும் மெஷினே ஆறு கிலோவைத் தொடும், அதுக்கு மேல செயின் சுத்தற நீளத் தகடு (அதுக்குப் பேருதான் பார்), செயின், டேங்க் நிறைய பெட்ரோல், ஆயில், இதைத் தூக்கிட்டு ஒரு அடி கட்டையை சாயங்காலம் வரைக்கும் அறுத்தா மரம் விழறதுக்கு முன்னாடி நீங்க விழுவீங்க. களைச்ச கையிலதான் பார் மூக்கு எங்கயாவது முட்டி மெஷின் முகத்தைப் பார்த்து எகிறும். உங்க வேலைக்கு 50 சிசியே சரி, பாரை மட்டும் 16 இன்ச் ஆக்கிக்கோங்க, ஒன்றரை அடி மரம் வந்தா ரெண்டு பக்கமும் அறுத்துக்கலாம். இதே 50 சிசியில 20 இன்ச் பாரை மாட்டி கெட்டி மரத்துல முழுசா இறக்கினா மெஷின் திணறும்.

காசை சிசியில போடறதை விட ரகத்துல போடுங்க, இதைத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்டில் கம்பெனியில எம்எஸ் 271னு ஒண்ணு, எம்எஸ் 261னு ஒண்ணு. ரெண்டுமே 50.2 சிசி. முதலாவது 5.6 கிலோ, 2.6 கிலோவாட். ரெண்டாவது 4.9 கிலோ, 3 கிலோவாட். ஒரே சிசி, 700 கிராம் கம்மி, பவர் ஜாஸ்தி, ஏன்னா அது தினம் காட்டுல வேலை பார்க்கறவனுக்காகப் பண்ணது, விலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும். ஹஸ்க்வர்னாலயும் இதே மாதிரி ரெண்டு ரகம் உண்டு. வருஷத்துக்கு இருபது நாள்தான்னா முதல் ரகமே தாராளம், ஆனா முதுகு வலி, தோள் வலி இருந்தா அந்த 700 கிராமுக்கு காசு கொடுக்கலாம், நான் கொடுத்தேன்.

பையன் சொல்ற பேட்டரி கிளை கழிக்க அருமை, கயிறு இழுக்க வேண்டாம், மிக்ஸ் பிரச்சனையே கிடையாது. நாள் முழுக்க அடிமரம் அறுக்கணும்னா பேட்டரி நாலஞ்சு வாங்கி வரிசையா சார்ஜ் போட்டுட்டே இருக்கணும், அது உங்களுக்கு ஆகாது. நெட்ல மலிவா வர்றதுல ஸ்டிக்கர்ல இருக்கற சிசியை அப்படியே நம்பாதீங்க, போர் (சிலிண்டர் உள்விட்டம்) எவ்வளவு, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்) எவ்வளவுன்னு கேட்டுக் கணக்குப் போட்டா சாயம் வெளுத்துடும்.

பழைய பாரும் செயினும் நல்லா இருக்கே, புதுசுல மாட்டிக்கலாம்னு நினைப்பீங்க. பிட்ச் (செயின் கண்ணிகளோட இடைவெளி அளவு), கேஜ் (பார் பள்ளத்தோட அகலம்), டிரைவ் லிங்க் (அந்தப் பள்ளத்துல ஓடற செயின் பல்) எண்ணிக்கை மூணும் பார் வால் பக்கம் அடிச்சிருக்கும், அது மூணும் பொருந்தினா கூட கம்பெனிக்குக் கம்பெனி போல்ட் உக்கார்ற இடம் மாறும், எழுதிட்டுப் போய்க் கேளுங்க. பக்கத்துல சர்வீஸும் ஸ்பேரும் கிடைக்கற கம்பெனியாவும் பாருங்க. அதே மாடலே வாங்கினீங்கன்னா பழசு ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி, ஸ்டார்டர், கிளட்ச் கவர், ஆயில் பம்ப் எல்லாம் அப்படியே உதவும்.

கடையில மெஷினைக் கையில தூக்கி, அறுக்கற மாதிரி குனிஞ்சு ரெண்டு நிமிஷம் நில்லுங்க, முன்கை கார்டைத் தள்ளி பிரேக் விழுதான்னு பாருங்க. தாள் டெஸ்ட்ல கறை வராம மச்சான் மாட்டினார்னா பாதிக் காசு அவர்கிட்ட வாங்குங்க. கறை வந்துச்சுன்னா மன்னிப்பு கேட்டுட்டு, கிராங்க் சீலைப் பாருங்க.