320 என்று போட்டிருந்தால் போதுமா? டீஜே கேள்வி-பதில்

கேள்வி: யூடியூபிலிருந்து பாட்டை 320 கேபிபிஎஸ் எம்பி3-ஆக மாற்றித்தான் கல்யாண வரவேற்புகளில் போடுகிறேன். வீட்டு ஸ்பீக்கரில் நன்றாக இருக்கிறது. மண்டபத்தில் போட்டால் ட்ரெபிள் காதைக் குடைகிறது. கோளாறு ஃபைலிலா, சவுண்டு செட்டிலா? (சேலம்)

சவுண்டு செட் ஆளைத் திட்டுவதற்கு முன் ஃபைலைப் பாருங்கள். யூடியூப் தரும் ஒலி பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு) அளவிலான ஏஏசி, இல்லையென்றால் அதைவிடச் சற்றுக் கூடுதலான ஓபஸ். இரண்டும் எம்பி3 போலவே ஒலியைச் சுருக்கும் வடிவங்கள். பாட்டை இறக்கித் தரும் தளங்கள் அதையே விரித்து, மறுபடியும் எம்பி3-ஆகச் சுருக்கி, 320 என்று பெயர் ஒட்டித் தருகின்றன. முதல் சுருக்கலில் போனது போனதுதான். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் போகும். கூடுவது ஃபைலின் எடை மட்டுமே.

சோதித்துப் பார்க்க ஸ்பெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பாட்டை அதற்குள் இழுத்துப் போட்டால் எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று வண்ணப் படமாகக் காட்டும். ஒழுங்கான 320 எம்பி3 என்றால் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை நிறம் தெரியும். 128-ஐ ஊதிப் பெருக்கியது என்றால் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸில் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நிற்கும். அதற்கு மேலே வெறும் கறுப்பு. கேசட் காலத்துப் பாட்டிலும் மேல்பகுதி காலியாக இருக்கலாம், ஆனால் அங்கே நிறம் மெல்ல மெல்ல மங்கும். இன்னொன்று, ஓபஸிலிருந்து மாற்றிய ஃபைல் 20 வரை நிறம் காட்டிவிடும். அதனால் படம் நன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஃபைல் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

காதுக்கும் ஒரு சோதனை உண்டு. ஜால்ரா, ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு), கைதட்டல் மூன்றையும் தனியாகக் கவனியுங்கள். ‘ச்சிங்’ என்று நறுக்காக விழ வேண்டியது ‘ஷ்ஷ்ஷ்’ என்று இழுபட்டால் அது சுருக்கலின் வேலை. வீட்டுச் சின்ன ஸ்பீக்கர் இதை மறைத்துவிடும். மண்டபத்து ஹார்ன் ஸ்பீக்கர் மறைக்காது.

சரி, நல்ல ஃபைலுக்கு எங்கே போவது? ஐடியூன்ஸ் ஸ்டோரில் விலைக்கு வாங்கும் பாட்டு 256 கேபிபிஎஸ் ஏஏசி. 2009-லிருந்து அதற்குக் காப்பிப் பூட்டு கிடையாது, பென்டிரைவில் போட்டு எங்கும் ஓட்டலாம். நடன இசைக்குப் பீட்போர்ட், பேண்ட்கேம்ப் இருக்கின்றன. அங்கே வேவ், ஏஐஎஃப்எஃப் என்ற சுருக்காத வடிவங்களிலேயே வாங்கலாம். பழைய சினிமாப் பாட்டுக்கு ஒரிஜினல் ஆடியோ சிடி கிடைத்தால் விடாதீர்கள், அதில் இருப்பது 1,411 கேபிபிஎஸ். மாதச் சந்தா ஆப்களில் ‘டவுன்லோடு’ செய்வது அந்த ஆப்புக்குள் மட்டும்தான் பாடும்.

கேள்வி: நிஜமான 320-க்கும் வேவ் ஃபைலுக்கும் உள்ள வித்தியாசம் ஆடுகிற கூட்டத்துக்குத் தெரியுமா? (கோலாலம்பூர்)

தெரியாது. எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினால் டீஜேக்களிலேயே பாதிப் பேர் தடுமாறுவார்கள். வேகத்தை நிறையக் குறைத்து, கீ-லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடிக்கும் வசதி) போட்டு, பாட்டை இழுக்கும்போதுதான் எம்பி3-யின் கரடுமுரடு கொஞ்சம் வெளியே வரும். இருந்தாலும் வாங்கும்போது சுருக்காத வடிவத்தையே வாங்கி வையுங்கள். அதிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், திருப்பி எடுக்க முடியாது. ஐந்து நிமிடப் பாட்டு வேவில் 53 எம்பி, 320-இல் 12 எம்பி. இன்றைய பென்டிரைவ் விலைக்கு இது ஒரு பெரிய கணக்கே இல்லை.

கேள்வி: பாட்டையெல்லாம் ஃபிளாக்கில் (ஒலி குறையாமல் சுருக்கும் வடிவம்) சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கிளப்பில் பிளேயர் பாதிப் பாட்டை எடுக்கவே இல்லை. சில வேவ் ஃபைல்களுக்கும் ஈ-8305 என்று காட்டியது. (சென்னை)

டீஜே பிளேயர்களில் பயனியர் சிடிஜே-2000, அடுத்து வந்த நெக்ஸஸ் ஆகிய இரு மாடல்களுக்கும் ஃபிளாக் தெரியாது. 2016-இல் வந்த நெக்ஸஸ் 2-லிருந்துதான் அது பாடும். எந்தக் கிளப்பில் எந்த மாடல் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் ஃபிளாக்காகவே இருக்கட்டும், வெளியே எடுத்துப் போகிற பென்டிரைவில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் (ஆடியோ சிடியின் அளவு) ஏஐஎஃப்எஃப்-ஆக மாற்றிப் போடுங்கள். ஃபிளாக்கும் அதே சிடி அளவில் இருந்தால் இந்த மாற்றத்தில் ஒலி துளியும் குறையாது.

ஈ-8305 என்றால் இந்த வடிவம் எனக்குப் புரியவில்லை என்று பிளேயர் சொல்கிறது. வேவ் ஃபைலுக்கே அது வந்தால், ஃபைலின் தொடக்கத்தில் அதன் வடிவத்தைச் சொல்லும் தலைப்புப் பகுதி வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். 24 பிட் ஃபைல்களில் இது அடிக்கடி நடக்கும். ஆடாசிட்டியில் திறந்து ஏஐஎஃப்எஃப்-ஆகச் சேமித்தால் தீர்ந்தது. வேவில் இன்னொரு தொல்லையும் உண்டு: பாடகர் பெயர், ஆல்பம் படம் எல்லாம் பல இடங்களில் காணாமல் போய், இருட்டில் ‘டிராக் 07’ என்று மட்டும் நிற்கும். ஏஐஎஃப்எஃப்-இல் அவை தங்கும்.

அப்புறம், பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் என்றால் பிளேயர் திரும்பிக்கூடப் பார்க்காது.

கேள்வி: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வாங்கினால் இன்னும் தெளிவாகக் கேட்குமா? (கோவை)

காசு மிச்சம் பிடியுங்கள். நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் தருகிறது, மனிதக் காது 20-ஐத் தாண்டாது. கேசட்டையோ இசைத்தட்டையோ நீங்களே பதிவு செய்வதாக இருந்தால் மட்டும் 24 பிட் வையுங்கள், லெவலில் தாராளமாக இடம் விட்டுப் பதியலாம்.

கேள்வி: எண்பதுகளின் பாட்டுக்குப் பிறகு புது ரீமிக்ஸ் போட்டால் தூக்கி அடிக்கிறது. பழைய பாட்டின் ஒலி அளவை மென்பொருளில் ஏற்றிச் சேமித்து வைக்கலாமா? (மதுரை)

வேண்டாம். பழைய பதிவுகளில் சராசரி ஒலி கீழே இருக்கும், தவில் அடி மட்டும் சட்டென்று மேலே எழும். மொத்தமாக ஏற்றினால் அந்த அடியின் தலை சிதையும், ஒரு தடவை சிதைந்தால் சிதைந்ததுதான். மிக்ஸரில் ட்ரிம் குமிழ் இருப்பதே இதற்காகத்தான். புதுப் பாட்டின் ட்ரிம்மைக் குறைத்து, இரண்டும் பச்சையில் ஓடி எப்போதாவது மஞ்சளைத் தொடும்படி வையுங்கள். சிவப்பு எரிந்தால், நீங்கள் வேவ் போட்டாலும் எம்பி3 போட்டாலும் ஒன்றுதான்.

கேள்வி: ஒரு மென்பொருளில் கச்சிதமாக வைத்த பீட்கிரிட் (தாள அடிகளைக் குறிக்கும் கோடுகள்), வேறு மென்பொருளுக்கு மாற்றியதும் மயிரிழை தள்ளி நிற்கிறது. எம்பி3-இல் மட்டும்தான். (டொராண்டோ)

எம்பி3 ஆக்கும்போது பாட்டின் தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று இடம் ஒட்டிக்கொள்ளும். சில மென்பொருள் அதை வெட்டிவிட்டு எண்ணும், சில சேர்த்து எண்ணும். வித்தியாசம் பெரும்பாலும் 26 மில்லிசெகண்ட். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) பாட்டில் ஒரு பீட்டுக்கு 469 மில்லிசெகண்ட் என்பதால் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், ஆனால் இரண்டு பாட்டு சேரும்போது ‘தட்’ என்பது ‘த-தட்’ ஆகிவிடும். நிறையப் பாட்டு இருந்தால் கிரிட்டை மொத்தமாக நகர்த்தித் தரும் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் எல்லா எம்பி3-யும் ஒரே மாதிரி தள்ளுவதில்லை, அதனால் நகர்த்திய பிறகு பத்துப் பாட்டையாவது ஹெட்போனில் மெட்ரோனோமோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.