புறஜாதியார் யார்?

கேள்வி: எங்கள் சபை களியக்காவிளைக்கு அருகே, கேரள எல்லையை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறது. புறஜாதியார் எங்களை 'வெளிநாட்டுக் காசுக்கு மதம் மாறியவர்கள்', 'ஆள் பிடிக்கிறவர்கள்' என்று இழிவாகப் பேசுகிறார்கள். முழு இரவு ஜெபத்தில் ஒலிபெருக்கி வைத்ததற்காக, ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியான பக்கத்து வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டார். இந்த உபத்திரவத்துக்கு விசுவாசிகள் என்ன பதில் கொடுக்க வேண்டும்? (கடிதத்தின் சுருக்கம்)
— வாசகர் ஒருவர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் கிறிஸ்தவரல்லாதவர்களைப் 'புறஜாதியார்' என்று பதினோரு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. வேதாகமத்தில் அந்தச் சொல் யூதரல்லாத அனைவரையும் குறிக்கிறது என்பதால், அந்தக் கணக்கில் நீங்களும் நானும் புறஜாதியார்தான். நம்மைப் பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்பதற்கு முன், அவர்களை நாம் எந்தச் சொல்லால் பார்க்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி 'உபத்திரவம்' என்று பெயரிட்டிருப்பவற்றைப் பிரித்துப் பார்ப்போம். வெளிநாட்டுக் காசு என்ற பேச்சு பொய். அதை அஞ்சாமல் மறுக்கலாம். ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் நம் மாவட்டத்து மயிலாடிக்கு வருவதற்கு முன்பே, அவ்வூர்க்காரரான மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் கேட்ட நற்செய்தியைத் தம் ஊருக்குக் கொண்டுவந்து, போதகர் வேண்டும் என்று கேட்டிருந்தார். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை தம் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகத் திருவிதாங்கூர் அரசுப் பதவியை இழந்து, 1752இல் காற்றாடிமலையில் உயிரையும் கொடுத்தார். காசுக்காக வந்தவர்களின் கதைகள் அல்ல இவை. சான்றோடும் பொறுமையோடும் சொன்னால் கேட்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

ஆனால் ஒலிபெருக்கிக்கு எதிரான மனுவுக்குத் தேவசகாயம் பிள்ளையைப் பதிலாகக் காட்ட முடியாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி; அது கோயில் கொடை விழாவுக்கும் பள்ளிவாசலுக்கும் நமக்கும் ஒன்றுதான். அதே ஆண்டில், சென்னைச் சபை ஒன்று தன் ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்கச் சொன்ன உத்தரவை எதிர்த்து, வழிபாட்டுரிமையைக் காட்டி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று கூறி நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. பால்வெட்டுக்கு விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற ஒருவர் முழு இரவும் கண்மூடாமல் கிடந்துவிட்டு மனு எழுதினால், அவர் விரோதி அல்லர், தூக்கம் கெட்டவர். ஒருவன் கிறிஸ்தவனாயிருப்பதினால் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று சொன்ன அதே பேதுரு, அதற்கு முந்தைய வசனத்திலேயே, பொல்லாங்கு செய்தவனாகப் பாடுபடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார். நம் பிரசங்கங்களில் அந்த முந்தைய வசனம் அதிகம் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 2.3 பேராக இருக்கும் நாம், இந்த மாவட்டத்தில் 46.85 பேராக இருக்கிறோம். ஆகவே நமக்கு நாமே சிறு மந்தையாகத் தோன்றினாலும், தனி வீட்டுக்காரரான அவருக்கு நாம் பெருங்கூட்டம்.

'ஆள் பிடிக்கிறவர்கள்' என்ற சொல் வலிக்கிறது, எனக்கும்தான். ஆனாலும் கைப்பிரதி கொடுக்க மட்டும் படியேறி, அவர் வீட்டுத் துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் படியேறாத ஒருவரைப் பார்த்து அவர் வேறென்ன நினைப்பார்? நம்பிக்கையைச் சொல்வது அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு தருகிற உரிமை. அதை ஒளிக்கச் சொல்லவில்லை. விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொன்னவரும் பேதுருதான். கேட்கத் தோன்றும்படி நாம் நடந்துகொண்டோமா என்பதுதான் என் சந்தேகம். 'உங்கள் சபையில் சாதி இல்லையா?' என்று அவர் கேட்டதாக எழுதி, அதையும் நிந்தையில் சேர்த்திருக்கிறீர்கள். தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்த சுவர் நின்றது, 1910இல்தான் இடிக்கப்பட்டது. அவர் கேட்டது நிந்தை அல்ல, கேள்வி. நேர்மையான பதில் 'இருக்கிறது' என்பதே.

அடுத்த மாதம் கன்வென்ஷன் கூட்டங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனுவுக்கு எதிர்மனு தயாரிக்கும் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு மாலையில் பாஸ்டரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள், வருத்தம் தெரிவியுங்கள், எத்தனை மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போகிறார் என்று கேளுங்கள். பிறகு ஒலிபெருக்கியைப் போடச் சொல்லி, அவருடைய திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்.