எத்தனை சண்டை போட்டுச்சு? – கடிதம்

அண்ணா, வணக்கம். இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல எச்எம்எஸ் டிரிங்கோமலினு ஒரு பழைய போர்க்கப்பல் இருக்கு, நம்ம திருகோணமலை பேரு! வீடியோ பாத்து பெருமையா இருந்துச்சு. ஆனா அது எந்தப் பெரிய போர்லயும் சண்டை போட்ட மாதிரி தெரியல, அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி வச்சிருக்காங்க?

தம்பி,

பெருமைய விடுங்க. 1782ல அந்த ஊர்ப் பக்கத்துக் கடல்ல பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிச்சுக்கிட்ட ஞாபகத்துக்கு வச்ச பேரு அது.

சண்டை போடலன்னா கப்பல் தண்டமா? ஆளாளுக்கு இதையேதான் கேக்குறீங்க, எரிச்சலா வருது. பம்பாய்ல கப்பல் கட்டுற வாடியா குடும்பத்து ஜம்சேத்ஜி கட்டினது. முதல்ல அனுப்பின பிளான் வந்தே சேரல, ஜாவாங்கிற கப்பல்ல அனுப்பினாங்க, 1812 டிசம்பர்ல பிரேசில் பக்கம் அமெரிக்காக்காரனோட கான்ஸ்டிட்யூஷன்ங்கிற போர்க்கப்பல் அந்த ஜாவா கதைய முடிச்சுருச்சு, மறுபடி வேற செட் அனுப்பி, 1817லதான் இது தண்ணில இறங்குச்சு. 1819ல இங்கிலாந்து போய்ச் சேந்தா அங்க நெப்போலியன் சண்டையே முடிஞ்சு போச்சு. மேல கூரையப் போட்டு போர்ட்ஸ்மவுத்ல கட்டிப் போட்டுட்டாங்க, 1845 வரைக்கும்! அப்புறம் பீரங்கிய 26ஆ குறைச்சு, 1847ல வட அமெரிக்கா, வெஸ்ட் இண்டீஸ் பக்கம் டியூட்டி, 1852லருந்து 57 வரை பசிபிக். சர்வீஸ் அவ்வளவுதான், மிச்ச காலமெல்லாம் பசங்களுக்கு ட்ரெய்னிங் கப்பல்.

அத்தன வருஷம் சும்மா கிடந்தும் எப்படி உளுத்துப் போகல, அதக் கேட்டீங்களா? தேக்கு தம்பி, மலபார் தேக்கு. எங்க பழைய வீட்ட இடிச்சப்ப ஆசாரி நிலைக்கதவுலருந்து ஒரு ஆணிய நெம்பி எடுத்தார், தலைல மட்டும் துரு, மரத்துக்குள்ள இருந்த பாகம் எண்ணெய் தடவின மாதிரி கருகருன்னு இருந்துச்சு, "தாத்தா காலத்து ஆணிப்பா"ன்னு என் கைல வச்சார். தேக்குல இருக்கிற எண்ணெய் இரும்பக் காப்பாத்தும், இங்கிலாந்துல கப்பல் கட்டுற ஓக் மரத்துல இருக்கிற அமிலம் இரும்பத் தின்னுரும், ஆணி போனா பலகை போச்சு, பலகை போனா கப்பலே போச்சு. இதப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், நல்லவேளை நீங்க கேட்டீங்க, திட்டினதுக்குக் கோவிச்சுக்காதீங்க.

அடுத்த தடவ வீடியோ பாக்குறப்ப பீரங்கிய விட்டுட்டு உடம்பு மரத்தப் பாருங்க, பெரும்பகுதி பம்பாய்ல போட்ட அதே மரம், இன்னும் தண்ணில மிதக்குது. டிரஃபால்கர் கடல் சண்டைல ஜெயிச்ச விக்டரிங்கிற பிரிட்டிஷ் கப்பல் ஓக்ல கட்டினது. 1922லருந்து தண்ணி இல்லாத உலர்துறைல உக்காந்திருக்கு, இப்பவும் அழுகின பலகைய மாத்திக்கிட்டுதான் இருக்காங்க.