லினக்ஸில் வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ்: கேட்டதும் சொன்னதும்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, ரெண்டுமே லாஜிடெக். கீபோர்டுக்கு ஒரு ரிசீவர், மவுஸுக்கு ஒரு ரிசீவர். லேப்டாப்பில் இருக்கதே ரெண்டு போர்ட்டு. ஒரே ரிசீவர்ல ஓட்ட முடியுமா?

பதில்: ரிசீவரிலும் மவுஸ் அடியிலும் ஆரஞ்சு நிறத்துல சின்ன சூரியன் மாதிரி குறி இருக்கான்னு பாருங்க. இருந்தா அது யூனிஃபையிங், அதாவது பல சாதனத்துக்கு ஒரே ரிசீவர்ங்கிற லாஜிடெக் முறை. ஒரு ரிசீவர் ஆறு சாதனம் வரை தாங்கும். அதைச் சேர்த்து வைக்க சோலார்னு ஒரு மென்பொருள் இருக்கு. உபுண்டு, டெபியன்ல டெர்மினலைத் திறந்து ‘sudo apt install solaar’னு அடிச்சாப் போதும். சோலாரில் ரிசீவரைத் தொட்டு, பேர் (pair, ஜோடி சேர்க்க) பண்ணக் குடுத்துட்டு, மவுஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஒண்ணு சொல்லுதேன்: கையில இருக்க ஒரே கீபோர்டை அன்பேர் பண்ணிராதீய. இரவல் வாங்கியாவது வயர் கீபோர்டு ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்.

தென்காசி: சோலார் பெர்மிஷன் இல்லைங்குது. சுடோ போட்டு, அட்மின் உரிமையோட ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஏபிடி இல்லாம பிப்ங்கிற பைதான் இன்ஸ்டாலர் வழியாப் போட்டிருப்பீய, அதுல யூடெவ் ரூல் ஃபைல் (ரிசீவரைத் தொட அனுமதி குடுக்கிற ஃபைல்) தானா உட்காராது. அதை /etc/udev/rules.d ஃபோல்டர்ல போட்டு, ரிசீவரைக் கழத்தி மாட்டுங்க.

அம்பாசமுத்திரம்: ஸ்டுடியோ வச்சிருக்கேன். கல்யாணப் படங்களை ஹார்ட் டிஸ்க்ல ஏத்தும்போது மட்டும் மவுஸ் விட்டு விட்டு ஓடுது. பேட்டரி புதுசு.

பதில்: ரிசீவர் ஒரு நீலப் போர்ட்ல, ஹார்ட் டிஸ்க் ஒட்டின மாதிரி பக்கத்து நீலப் போர்ட்ல. அப்படித்தானே? நீலப் போர்ட்டுன்னா பெரும்பாலும் யூஎஸ்பி 3. அது வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். உங்க மவுஸ் பேசுறதும் அதே அலைவரிசைலதான். இன்டெல்லே 2012ல இதை அளந்து எழுதியிருக்கு. ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, ரிசீவரை மவுஸ் பக்கத்துல கொண்டுவந்து வைங்க.

சங்கரன்கோவில்: மன்னிக்கணும் அண்ணாச்சி, இது லினக்ஸ் டிரைவர் கோளாறு. விண்டோஸ்ல வராது.

பதில்: வரும். காத்துல வர்ற இரைச்சலுக்கு எந்த சிஸ்டம்னு தெரியாது. டிரைவர் கோளாறுன்னா காப்பி நின்ன மறு நொடியே மவுஸ் ஏன் சரியாகுது?

சங்கரன்கோவில்: யூஎஸ்பி தூங்கிப் போறதும் ஒரு காரணம்தானே?

பதில்: அது வேற. ஆட்டோ சஸ்பெண்ட்னா, கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டுத் தொட்டா முதல் அசைவு மட்டும் தாமதிக்கும். பவர்டாப், டிஎல்பி மாதிரி பேட்டரி மிச்சம் பிடிக்கிற மென்பொருள் போட்டவங்களுக்கு அது வரும், ஒத்துக்கிடுதேன். இவருக்கு நடு வேலையில துள்ளுது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

வள்ளியூர்: புது போல்ட் கீபோர்டு பழைய யூனிஃபையிங்ல சேருமா?

பதில்: சேராது. 2021ல வந்த போல்ட், லாஜிடெக்கோட வேற ரிசீவர் முறை.

மேலப்பாளையம்: பழைய ரிசீவர் பாதுகாப்பா?

பதில்: 2016ல மவுஸ்ஜாக்னு ஒரு ஓட்டை வெளிவந்துச்சு, தூரத்துல இருக்கவன் உங்க மிஷின்ல எழுத்தைத் தட்டிவிடலாம். fwupdங்கிற லினக்ஸ் அப்டேட் கருவி வழியா ரிசீவருக்குப் புது ஃபர்ம்வேர் (உள்ளே இருக்க மென்பொருள்) இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. அந்த நேரம் வயர் கீபோர்டு பக்கத்துல இருக்கட்டும்.

கடையநல்லூர்: ரெண்டு ரிசீவரை ஒண்ணாக்க முடியுமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, எக்ஸ்டென்ஷன் வயர் போட்டாச்சு. காப்பி ஓடிக்கிட்டே இருக்கு, மவுஸ் துள்ளலை.

பதில்: சங்கரன்கோவில் தம்பி, பாத்தியளா?