எல்லோரும் பிழைக்காத தரையிறக்கம்

அன்புள்ள ஐயா,

ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய விமானி சல்லன்பெர்கரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 155 பேரும் பிழைத்தார்கள், கொண்டாடுகிறோம். அதே திறமையோடு இறக்கியும் பலர் இறந்திருந்தால், அவரை வீரர் என்போமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் சொல்வேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆல் ஹெய்ன்ஸ் என்ற விமானிதான் நினைவுக்கு வந்தார்.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் 232, மூன்று எஞ்சின் கொண்ட டிசி-10 விமானம். ஹெய்ன்ஸ்தான் கேப்டன். உள்ளே 296 பேர். 37,000 அடி உயரத்தில் வால் எஞ்சினின் விசிறித்தட்டு உடைந்து சிதறியது. தயாரிப்பிலேயே இருந்த குறையிலிருந்து வளர்ந்த விரிசல், பரிசோதனையில் கண்ணில் படவில்லை. சிதறிய துண்டுகள் ஹைட்ராலிக் குழாய்களை, அதாவது திரவ அழுத்தத்தால் விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் குழாய்களை, அறுத்துவிட்டன. ஒன்று போனால் இன்னொன்று உதவும் என்றுதான் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் வைத்திருந்தார்கள். மூன்றும் போய்விட்டன. அப்படி ஆனால் என்ன செய்வதென்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

மிஞ்சியது இறக்கைகளில் இருந்த இரண்டு எஞ்சின்கள். ஒன்றின் விசையைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் விமானம் கொஞ்சம் திரும்பும், அதுவும் பெரும்பாலும் வலப்பக்கம்தான். பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச், விமானிகளுக்கே பயிற்சி தருபவர். உதவட்டுமா என்று கேட்டார். ஹெய்ன்ஸ் த்ராட்டில்களை, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடிகளை, அவர் கையில் கொடுத்துவிட்டார். ஹெய்ன்ஸின் வீரத்தை நான் பார்ப்பது இந்த இடத்தில்தான். கேப்டன் சொல்வதே சட்டம் என்று நடந்த காலத்தில் சில விமானங்களை இழந்தோம் என்று அவரே பின்னாளில் சொன்னார். ஃபிட்சையும் சேர்த்து காக்பிட்டில் (விமானி அறையில்) இருந்த நால்வரின் அனுபவத்தையும் கூட்டினால் 103 வருடம், அதில் ஒரு நிமிடம்கூட இதற்காகப் பழகியதில்லை என்றும் சொன்னார்.

முக்கால் மணி நேரம் இப்படிப் போராடி அயோவாவின் சூ சிட்டிக்கு வந்தார்கள். எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்னபோது, ஓடுபாதையிலேதான் இறங்கணுமா என்று ஹெய்ன்ஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இறங்கிய வேகம் கிட்டத்தட்ட 215 நாட் (மணிக்குச் சுமார் 400 கி.மீ.), வழக்கமாக 140 நாட்தான். வலது இறக்கை முதலில் தரையில் மோதியது. விமானம் உடைந்து தீப்பற்றியது. 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். நசுங்கிக் கிடந்த காக்பிட்டுக்குள் ஆள் இருப்பதே அரை மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. நால்வரும் உயிரோடு இருந்தார்கள்.

அப்புறம் விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் அதே நிலைமையை வைத்து அனுபவமுள்ள விமானிகள் முயன்று பார்த்தார்கள். பத்திரமாக இறக்க ஒருவராலும் முடியவில்லை. நீங்கள் 296-இலிருந்து கழித்துப் பார்க்கிறீர்கள். நான் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஹெய்ன்ஸ் ஊர் ஊராகப் போய் இதைப் பற்றிப் பேசினார். 2019-இல் காலமானார். அந்தப் பேச்சுகளில் தன்னைவிட மற்றவர்களைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்: கூட இருந்த மூவர், அன்று சூ சிட்டியில் பணியில் இருந்த 285 தேசியக் காவல் படையினர், ஷிப்ட் மாறும் நேரமாக இருந்ததால் மருத்துவமனைகளில் ஒன்றாகக் கிடைத்த இரண்டு ஷிப்ட் ஆட்கள்.

அன்புடன்